ஒரு ரூபாய் வீடு

வீடு கட்ட அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை ஒரு ரூபாய்தான் என்று சொன்னால், சென்னையில் பிளான் அப்ரூவலுக்கு அலைந்த எவரும் நம்ப மாட்டார்கள். தெலங்கானாவில் 2020 நவம்பர் 16 முதல் அதுதான் நடைமுறை. மனை 75 சதுர கெஜத்தைத் தாண்டக் கூடாது. தரைத்தளம், அதன்மேல் ஒரு மாடி, அவ்வளவுதான். விவரங்களை இணையத்தில் பதிந்து ஒரு ரூபாய் செலுத்திவிட்டால் கொத்தனாரை வரச் சொல்லலாம். வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட அதிகாரி யாரும் வேண்டாம். கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்று வாங்கவும் வேண்டாம்.

75 கெஜம் என்பது 675 சதுர அடி. நம் கணக்கில் ஒன்றரை சென்ட்டுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு கிரவுண்டை மூன்றரையாக வகுத்தால் கிடைக்கும் துண்டு. இவ்வளவு சிறிய மனையில் யார் வீடு கட்டுவார்கள் என்று கேட்பவர் மல்லாபூர்ப் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும்.

ஹைதராபாத்தின் வடகிழக்கில், நாச்சாரத்தை ஒட்டி இருக்கிறது மல்லாபூர். சற்றுத் தள்ளிப் போனால் தர்கா இருக்கும் மௌலா அலி குன்று. அந்த வட்டாரத்தில்தான் 1967-ல் இசிஐஎல் என்ற மின்னணு நிறுவனமும், 1971-ல் அணு எரிபொருள் வளாகமும் வந்தன. நாச்சாரத்தில் என்.டி. ராமராவின் ஸ்டூடியோ ஒன்று இருந்தது. 1973-ல் தொடங்கப்பட்ட ஆந்திரப் பிரதேசத் தொழிற்கட்டமைப்புக் கழகம், ஏபிஐஐசி, நாச்சாரம், மல்லாபூர், உப்பல், சேர்லபள்ளி என்று வரிசையாகத் தொழிற்பேட்டைகளை வளர்த்தது. பெரிய ஆலைக்கு உதிரி பாகம் செய்ய லேத் பட்டறை, பட்டறைக்காரருக்கு டீக்கடை, எல்லோருக்கும் வாடகை அறை. தொழிற்பேட்டை வரைபடத்தில் ஆலைக்கு இடம் குறித்தவர்கள், ஆலையில் வேலை செய்யப்போகிறவர் இரவு எங்கே படுப்பார் என்பதைக் குறிக்கவில்லை. அந்த வேலையைச் சுற்றியிருந்த கிராமங்கள் செய்தன.

எப்படிச் செய்தன என்பதில்தான் கதை இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து ஹைதராபாத்தின் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கரையோரத்துக் குடிசைகளும் மண்வீடுகளும் முதலில் போயின. அடுத்த ஆண்டு நிஜாம் அரசின் அழைப்பில் விஸ்வேஸ்வரய்யா வந்து வெள்ளத் தடுப்புக்கும் வடிகாலுக்கும் யோசனை சொன்னார். 1912-ல் மீர் உஸ்மான் அலி கான் நகர மேம்பாட்டு வாரியத்தை அமைத்தார். நெரிசல் மிகுந்த குடியிருப்புகளை இடித்து, சாலை அகலப்படுத்தி, ஏழைகளுக்கு வரிசை வீடுகள் கட்டித் தந்தது அந்த வாரியம். இடிப்பதும் கட்டித் தருவதும் ஒரே கையில் இருந்த காலம் அது. 1960-ல் வாரியம் ஆந்திரப் பிரதேச வீட்டுவசதி வாரியமாக மாறியபோது, நகரம் வாரியத்தின் கையைவிட்டு எப்போதோ வெளியே போயிருந்தது.

அதே காலத்தில் மதராஸ் மாகாணம் வேறொரு வழியில் போனது. 1920-ம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் கட்டடங்களுக்கு ஒரு பகுதி, குடிசைகளுக்குத் தனியாக ஒரு பகுதி என்று பிரித்து எழுதப்பட்டது. குடிசை என்றால் எது? மரம், மண், இலை, புல், கீற்று ஆகியவற்றால் பெரும்பாலும் ஆனது. அது சரி. கூடவே ஒரு கொக்கியும் உண்டு: எவ்வளவு பெரிதானாலும் தற்காலிகக் கட்டுமானம் எதுவும் குடிசைதான்; எந்தப் பொருளால் கட்டப்பட்டிருந்தாலும், நகர்மன்றம் அறிவித்தால் எந்தச் சிறு கட்டடமும் குடிசைதான். கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டிய அறையைக்கூடத் தீர்மானம் ஒன்றில் குடிசையாக்கிவிடலாம். தீப்பிடிக்கும் என்ற பயம், தொற்றுநோய் என்ற பயம், இரண்டுக்கும் நடுவில் நகரசபையின் வசதி. சிறிய கட்டடத்தைப் பார்த்தால் அரசுக்கு என்ன தோன்றும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

இதற்கு ஐந்தாண்டு முன்புதான் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து, தஞ்சாவூர் உட்பட சிலவற்றுக்கு அறிக்கை எழுதியிருந்தார். தெருவை நேராக்குவதற்காகத் தெருவையே இடிக்காதீர்கள், நெரிசல் உள்ள இடத்தில் மட்டும் கொஞ்சமாக வெட்டி, மீதியை விட்டுவிடுங்கள் என்பது அவர் வாதம். படித்துப் பாராட்டினார்கள். அதோடு சரி.

மல்லாபூர் அப்போது நகரமே இல்லை. அதன் அதிகாரம் கிராமப் பஞ்சாயத்தில், அதாவது சர்பஞ்ச் கையில் இருந்தது. 1975-ல் ஹைதராபாத் நகர வளர்ச்சி ஆணையம், ஹுடா, பிறந்தபோது நகரத்தைச் சுற்றியிருந்த கிராமங்கள் அதன் வரைபடத்துக்குள் வந்தன. இங்கே வீடு, இங்கே தொழில், இங்கே பசுமை என்று வண்ணம் தீட்டினார்கள். அடுத்த ஆண்டே நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஹைதராபாத்தில் ஒருவர் 1,000 சதுர மீட்டருக்கு மேல் காலிமனை வைத்திருக்கக் கூடாது என்றது அது. சென்னையில் 500 சதுர மீட்டர். பெரிய நிலத்தைப் பெரிய நிலமாக வைத்திருப்பது ஆபத்து. முறைப்படி லேஅவுட் போட்டு விற்பது நீண்ட வேலை. நிலக்காரர் என்ன செய்வார்? 60 கெஜம், 80 கெஜம், 100 கெஜம் என்று வெட்டி, நோட்டரி முத்திரை குத்திய தாளில் விற்றுவிடுவார். வாங்கியவர் ரேக்குல இல்லு, அதாவது தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட வீடு, ஒன்றை எழுப்பி, மின் இணைப்பும் வீட்டுவரி ரசீதும் வாங்கிக்கொள்வார். ரசீது இருந்தால் வீடு இருக்கிறது என்று அர்த்தம். வீடு இருந்தால் வெளியேற்றுவது கடினம்.

இது ஹைதராபாத்துக்கு மட்டும் உரிய தந்திரம் என்று எண்ண வேண்டாம். வேல்ஸ் நாட்டில் ஒரே இரவில் பொதுநிலத்தில் வீடு எழுப்பி, விடியும்போது புகைபோக்கியில் புகை வரச் செய்துவிட்டால் அந்த இடம் கட்டியவருக்கே சொந்தம் என்று ஊரார் நம்பினார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் சில வீடுகள் தலைமுறைகளாக நின்றன. மல்லாபூரில் புகைக்குப் பதில் மின்கட்டண ரசீது.

தொழிற்பேட்டைப் பக்கம் நடந்ததோ நேர் எதிர். ஏபிஐஐசி பேட்டைகளுக்கு உள்ளே உள்ளாட்சி அதிகாரத்தை அந்தக் கழகத்துக்கே அரசு கொடுத்திருந்தது. ஐலா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தொழிற்பகுதி உள்ளாட்சி அமைப்பு. ஷெட் கட்ட வேண்டுமா, ஐலாவிடம் போ. வரி கட்ட வேண்டுமா, அங்கேயே கட்டு. வசூலில் ஒரு பங்கு உள்ளாட்சிக்குப் போகும். ஆக, ஒரே சாலையின் ஒரு பக்கம் கழகத்தின் ஆட்சி, மறுபக்கம் ஊரின் ஆட்சி. ஒரு பக்கம் சுவர், தீயணைப்பு இடைவெளி, சாலை அகலம் எல்லாம் அளந்து வைத்தார்கள். மறுபக்கம் அளவுநாடாவே கிடையாது.

2007 ஏப்ரலில் காப்ரா, உப்பல் கலான், மல்காஜ்கிரி உள்ளிட்ட 12 நகராட்சிகளையும் எட்டுப் பஞ்சாயத்துகளையும் இணைத்துப் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சி, ஜிஎச்எம்சி, உருவானது. மல்லாபூர் அதன் காப்ரா வட்டத்தில் ஒரு வார்டு ஆனது. மாநகராட்சிக்கு வந்து சேர்ந்தவை ஊர்கள் மட்டுமல்ல; அனுமதி இல்லாமல் எழுந்த லட்சக்கணக்கான சுவர்களும்கூட. அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 31 அன்று, இரண்டு அரசாணைகள் வெளிவந்தன. 901-ம் எண் ஆணை மீறிக் கட்டிய கட்டடங்களுக்கு. 902 அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்கு. அபராதம் கட்டினால் வரன்முறை.

இங்கே பென்ட்ஹவுஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. உலகத்தின் மற்ற ஊர்களில் அந்தச் சொல் கோடீஸ்வரர்களை நினைவூட்டும். ஹைதராபாத்தில் அனுமதி வாங்கிய மாடிகளுக்கு மேல், மொட்டைமாடியில், அனுமதி வாங்காமல் போட்ட அறைதான் பென்ட்ஹவுஸ். வீட்டுக்காரருக்கு வாடகை, படிக்கவோ வேலைக்கோ வந்த இளைஞருக்கு ஒதுங்க ஓர் இடம். இந்த மாதிரி மீறலைத் தடுக்க 2006-ல் கொண்டுவந்த கட்டட விதிகளில் ஒரு புத்திசாலித்தனமான பிடி இருந்தது: கட்டும்போதே கட்டடத்தின் பத்தில் ஒரு பங்கை மாநகராட்சிக்கு அடமானம்போல எழுதித் தர வேண்டும், வரைபடத்தின்படி கட்டியதற்கு நிறைவுச் சான்று கிடைத்த பின்தான் விடுவிப்பார்கள். மிகச் சிறிய வீடுகளுக்கு விலக்கு. பெரிய கட்டடக்காரர்களைக் கொஞ்சம் மடக்கிய விதி அது. சிறியவர்கள் எப்போதும்போலவே கட்டினார்கள்.

வரன்முறைக்கு முடிவே இல்லாமல் போனதற்கு ஆந்திரத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 1998-ல் தமிழ்நாடு அரசும் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ என்ற பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றது. இந்த ஒருமுறை மட்டும் என்று சொன்னதால் 2000-ல் உச்ச நீதிமன்றம் விட்டுக்கொடுத்தது. அரசு கெடுவை மறுபடி மறுபடி நீட்டியது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. ஒருமுறை என்ற சொல்லுக்கு அரசு அகராதியில் என்ன பொருள் என்று தி.நகர் ரங்கநாதன் தெருவைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தெலங்கானா தனி மாநிலமான 2014-ல், டிசம்பர் 30 அன்று வந்த 58-ம் எண் அரசாணை இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த ஆண்டு ஜூன் 2-க்கு முன்பிருந்தே அரசுப் புறம்போக்கில் குடியிருக்கும் ஏழைகளுக்கு 125 கெஜம் வரை இலவசமாகவே பட்டா. அதற்கு மேல் என்றால் 59-ம் எண் ஆணைப்படி விலை கட்ட வேண்டும். 2015 நவம்பரில் மீண்டும் கட்டட வரன்முறை, மனை வரன்முறை. கட்டட வரன்முறை உயர் நீதிமன்றத்தில் சிக்கியது. 2020 ஆகஸ்ட்டில் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவுத்துறைக்கு உத்தரவு. சில நாளில் புதிய மனை வரன்முறைத் திட்டம். மாநிலம் முழுவதும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. கதவை மூடினால் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அரசுக்கே தெரிந்திருக்கும்.

இந்த நெரிசலுக்கு நடுவில்தான் ஒரு ரூபாய் வீடு பிறந்தது. டிஎஸ்-பிபாஸ் என்ற தெலங்கானாவின் கட்டட அனுமதிச் சட்டம் கட்டடங்களை மூன்றாகப் பிரித்தது. 75 கெஜம் வரை அனுமதியே வேண்டாம், பதிவு போதும். 600 கெஜம் வரை, பத்து மீட்டர் உயரத்துக்குள் இருந்தால், உரிமையாளர் தாமே உறுதிமொழி கொடுத்து உடனடி ஒப்புதல் வாங்கலாம். அதற்கு மேல் ஒற்றைச் சாளரம். 21 நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே பொருள். அன்றைய நகராட்சித்துறை அமைச்சர் கே.டி. ராமராவ் தொடங்கிவைத்தார்.

சிறியதை விட்டுவிடுவது உலகத்துக்குப் புதிதல்ல. இங்கிலாந்தின் 1947-ம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் எது கட்டினாலும் அனுமதி வேண்டும் என்று ஆக்கியபோதே, தோட்டக் கொட்டகை மாதிரியான சின்னவற்றுக்கு விலக்குப் பட்டியல் ஒன்றும் சேர்ந்தே வந்தது. தமிழ்நாடு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்று முறை 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டை ஏற்கிறது. அளவில் நம்முடையது தாராளம். கட்டணம் மட்டும் சதுர அடிக் கணக்கில்.

தெலங்கானாவின் தாராளத்துக்குப் பின்னால் ஒரு கத்தியும் உண்டு. நம்பி விட்டுவிடுகிறோம், பொய் சொன்னால், நிலம் அரசுடையது என்றோ ஏரியின் நீர்ப்பரப்பு என்றோ தெரிந்தால், நோட்டீஸ் இல்லாமலே இடிப்போம் என்கிறது சட்டம். அனுமதி கேட்கும் முறையில் தவறு முதலிலேயே பிடிபடும், செலவு தாளோடு போகும். பதிவு முறையில் வீடு எழுந்த பிறகுதான் பிடிபடும். நோட்டரித் தாளில் வாங்கிய 60 கெஜத்துக்காரரின் மனை எந்த சர்வே எண்ணில் வருகிறது என்பது அவருக்கே பல சமயம் தெரியாது. 2024 ஜூலையில் ஏரிகளையும் அரசு நிலத்தையும் காக்க ஹைட்ரா என்ற அமைப்பு வந்தபின் இந்த அச்சம் கூடியது. அந்த ஆகஸ்ட்டில் மாதாப்பூர் ஏரிக்கரையில் நடிகர் நாகார்ஜுனாவின் திருமண அரங்கு இடிக்கப்பட்டபோது ஊரே கைதட்டியது. சின்ன வீடுகள் பக்கம் இயந்திரம் திரும்பியபோது தட்டியவர்கள் குறைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஏன் இடிக்கிறீர்கள் என்று உயர் நீதிமன்றம் கேட்டது. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், பொது இடங்களை விடுத்து மற்ற எந்தக் கட்டடத்தை இடிப்பதானாலும் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் விதித்தது. நோட்டீஸ் இல்லாமல் இடிக்கலாம் என்ற மாநிலச் சட்டத்தின் வரி அதற்குப் பிறகு எவ்வளவு செல்லும் என்பது வழக்கறிஞர்களின் வேலை.

இன்னொரு கணக்கும் உதைக்கிறது. ஒரு ரூபாய்ச் சலுகை குடியிருப்புக்கு மட்டும். மல்லாபூர் மாதிரியான இடத்தில் 70 கெஜ வீட்டின் கீழே தெருவைப் பார்த்து ஒரு மல்கி இருக்கும். ஹைதராபாத்தில் சாலையோரக் கடை அறைக்கு அதுதான் பெயர். மேலே குடும்பம், கீழே மளிகையோ வெல்டிங்கோ. அந்த ஷட்டரை வைத்த நிமிடமே அது வீடு மட்டும் இல்லை. சட்டத்தின் முதல் வகுப்பிலும் அதற்கு இடம் இல்லை. ஆக, பதிவின்போது வரைபடத்தில் அது கார் நிறுத்துமிடமாக இருக்கும். காரே இல்லாத வீட்டில்.

கடையைவிடச் சிறியவற்றுக்கு வேறு வேறு வாசல்கள். தள்ளுவண்டிக்கு 2014-ம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். நகர மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம், அதை நகர விற்பனைக் குழு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நடைமுறையில் அந்த வாசலைவிடப் பெரிய வாசல்கள் திறப்பதுண்டு. 2024 ஜனவரியில் மாதாப்பூரில் சமூக ஊடகப் புகழால் கூட்டம் பெருகிய ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையைப் போக்குவரத்துக் காவலர்கள் அகற்றச் சொன்னபோது, முதலமைச்சர் ரேவந்த் ரெட்டியே தலையிட்டு அதே இடத்தில் நடக்க விட்டார். ஒரு பண்டிக்கு, அதாவது வண்டிக்கு, முதலமைச்சர் அனுமதி! மற்ற பண்டிக்காரர்களிடம் முதலமைச்சரின் தொலைபேசி எண் கிடையாது.

விநாயகர் சதுர்த்திப் பந்தலுக்குக் காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சில நாள் நிற்கும் கட்டுமானம் என்பதால் நகரமைப்புப் பிரிவு அதில் தலையிடுவதில்லை. தெலங்கானாவின் பழைய ஊர்களில் போச்சம்மா, மைசம்மா போன்ற அம்மன்களுக்கு இருக்கும் சின்னஞ்சிறு கோயில்களோ எந்தச் சட்டத்தையும்விட மூத்தவை. பொது இடத்தில் இனிப் புதிதாக வழிபாட்டுத் தலம் எழக் கூடாது, இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலியுங்கள் என்று 2009 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை அகலமாகும்போதெல்லாம் அந்தப் பரிசீலனை நடுத்தெருவில் நடக்கிறது. பெரும்பாலும் அம்மன்தான் ஜெயிக்கிறாள். சாலை வளைந்து போகிறது.

இப்போது மல்லாபூரில் மாற்றம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. 2025 நவம்பரில் தெலங்கானா அரசு ஹைதராபாத் தொழில்நில மாற்றக் கொள்கையை அறிவித்தது. மல்லாபூர், நாச்சாரம், உப்பல், மௌலா அலி உட்பட 22 தொழிற்பகுதிகள், ஏறத்தாழ 9,292 ஏக்கர். ஆலைகள் வெளிவட்டச் சாலைக்கு அப்பால் போகட்டும், அந்த நிலத்தில் அடுக்குமாடியோ அலுவலகமோ கடைவளாகமோ கட்டிக்கொள்ளலாம் என்பது சாரம். கட்டணம் பதிவுத்துறை மதிப்பில் ஒரு பங்கு: மனை 80 அடிக்குக் குறைவான சாலையில் இருந்தால் 30 சதவீதம், அகலமான சாலை என்றால் 50. அடிமாட்டு விலைக்கு நிலத்தைக் கொடுக்கிறார்கள் என்று எதிர்க்கட்சியான பாரத் ராஷ்ட்ர சமிதி கொதித்தது. நகரத்துக்குள் மாசு குறையும் என்றது அரசு.

நாற்பது ஆண்டுகளாகச் சாலையின் ஒரு பக்கத்தில் அளவெடுத்துக் கட்டிய ஷெட்டுகள், மறுபக்கத்துச் சிறு வீடுகளைப்போலவே, எதற்காக என்று எழுதப்பட்டதோ அதற்கு அல்லாமல் வேறு எதற்கோ ஆகப்போகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பயன் மாறுவதற்கு முன்பே ஆணை வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் அதற்காக ஐந்து வரன்முறைத் திட்டங்கள் வரை காத்திருந்தார்கள். விண்ணப்பம் போடும் உரிமை மனை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அவரிடம் கால் ஷெட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு லேத் ஓட்டுகிறவருக்குப் படிவத்தில் பத்தி இல்லை. காலி செய்யச் சொன்னால் அவர் வெளிவட்டச் சாலையைத் தாண்டி, நிலம் இன்னும் கெஜக்கணக்கில் விலைபோகாத ஏதாவது ஓர் ஊரில் சர்பஞ்சைப் போய்ப் பார்ப்பார், தகரம் வாங்குவார்.